எல்லாம் பார்த்தாச்சு

தட்டச்சு செய்யும் அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள், ஐயா. திரை உறைந்து நின்றால் அவர் என்ன செய்வார்? அந்த மென்பொருளை எவனோ சுலபமான மொழியில் எழுதியிருப்பான். சுலபமாக எழுதியதெல்லாம் கடைசியில் இப்படித்தான் அடுத்தவர் தலையில் விடியும்.

என்னை யாரும் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். கிடங்கில் நடந்த விபத்துக்கு என் தங்கை கணவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று முடிவு செய்திருக்கிறீர்களாம். அது தவறு.

அந்தக் கிடங்கில் சரக்கை இழுத்துப் போவது ஓட்டுநர் இல்லாத வண்டிகள். வழியில் ஆள் இருந்தால் தானாக நிற்க வேண்டும். அதற்கான புரோகிராமை முதலில் எழுதியவன் நான். எழுதிய மொழி கொஞ்சம் கடினம். கொஞ்சம் என்றால், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வேறு வேலை தேடினார்கள். வண்டி விளக்கின் நிறத்தை மாற்ற எனக்கே ஒரு வாரம் ஆகும். எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் புது சம்பந்தி மாதிரி, எதிலாவது குறை சொல்லிக்கொண்டே இருக்கும். மீட்டரையும் அடியையும் கலந்து எழுதினால் புரோகிராமை ஓடவே விடாது. ஆனால் அது ஒருமுறை தலையாட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மேலாளருக்குத்தான் தூக்கம் வரவில்லை. "நீங்க லீவு போட்டா கம்பெனியே லீவு போடணுமா சார்? நாலு பேருக்குப் புரியற மாதிரி எழுதக் கூடாதா?" என்றார். நாலு பேருக்குப் புரிந்தால் போதும் என்பது சமையல் குறிப்புக்குச் சரி.

வேலை மாப்பிள்ளையின் கைக்குப் போனது. நான் சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்த ஆள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு மொழியில், காதில் பாட்டு கேட்டுக்கொண்டே, எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட்டார். அலுவலகமே கைதட்டியது. நானும் கை வலிக்காத அளவுக்குத் தட்டினேன்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சம்மதித்த பிறகே வண்டியில் ஏற்றுவது எங்கள் வழக்கம். "மச்சான், நீங்க பார்த்து ஓகே சொன்னாத்தான் எனக்குத் தைரியம்," என்றார் மாப்பிள்ளை.

ஒரு வரி விடாமல் படித்தேன். ஆளுக்கும் வண்டிக்கும் இடையே தூரம் இரண்டுக்குக் கீழே வந்தால் நில் என்று எழுதியிருந்தார். வண்டியின் பழைய சென்சார் தூரத்தை மீட்டரில் சொல்லும். புதிதாக மாட்டியதோ அடியில் சொல்லும். அவருடைய மொழிக்கு இரண்டு என்றால் வெறும் இரண்டு. இரண்டு மீட்டரா, இரண்டு அடியா, இரண்டு கத்திரிக்காயா என்று அது கேட்காது. காலி வண்டி இரண்டு அடிக்குள் நின்றுவிடும். சோதனை செய்ததும் காலி வண்டியில்தான். சரக்கேற்றியது நிற்காது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே திருத்திவிடுவார், அதுதான் சிக்கல். "திருத்தறது எவ்வளவு சுலபம் பாருங்க" என்று அதற்கும் கைதட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் நான் சொல்லிப் புரியாததை வண்டியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஓர் அலமாரி நசுங்கும், மேலாளர் முகம் சுருங்கும், என் புரோகிராம் திரும்பி வரும். சம்மதம் கொடுத்தேன். எளிமையாக இருக்கிறது என்று பாராட்டி ஒரு வரியும் சேர்த்தேன்.

கிடங்கைப் பெருக்கும் அக்கா வண்டிக்காக விலகவே மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்குவார். என் வண்டி பின்னால் வந்து மரியாதையாகக் காத்திருக்கும். "இருடா, வர்றேன். எங்க வீட்டுக்காரரைவிட உனக்குப் பொறுமை ஜாஸ்தி," என்று திரும்பாமலே சொல்வார். என் மொழி நடைமுறைக்கு ஒத்துவருமா என்று அலுவலகம் விவாதித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அதை முழுதாக நம்பியவர் அவர் ஒருவர்தான்.

புதிய புரோகிராம் ஏற்றிய அன்று காலை வாசலில் என்னை நிறுத்தினார். "என்ன தம்பி, வண்டியில என்னமோ மாத்தறாங்களாமே. பயப்படணுமா?"

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் பார்த்தாச்சு," என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

மதியம் நான் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்தேன். எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. சரக்கேற்றிய வண்டி ஒன்று அக்கா பெருக்கிக்கொண்டிருந்த வரிசைக்குள் திரும்பியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பொத்தானை அழுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் எதுவும் நிரூபணமாகாது.

மாப்பிள்ளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "அண்ணா, நீங்க பார்த்துட்டுத்தானே சரின்னு சொன்னீங்க?" என்று தங்கை கேட்கிறாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். அவளுக்கான பதிலை உங்களிடம் சொல்லிவிட்டேன்.

ஆகவே கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நான் மிகுந்த கவனத்துடன் இருந்தேன். காரணம் என்ற இடத்தில் மாப்பிள்ளை எழுதிய மொழியின் பெயரைப் போடச் சொல்லுங்கள். என் மொழியாக இருந்தால் அந்தப் பிழையைக் கம்பைலரே பிடித்திருக்கும். ஓர் உயிரை என்னைப் போன்ற ஒருவனின் சம்மதத்தை நம்பி விட்டுவிடும் மொழியைப் போய் நடைமுறைக்கு ஏற்றது என்கிறார்களே, அதைத்தான் ஐயா என்னால் தாங்க முடியவில்லை.