வெள்ளிதோறும் வண்ண உடை வேண்டாம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, பிள்ளைகளின் பெயரோடு பிடிவாதத்தையும் அறிந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, காலையில் காணாமற்போன டையைத் தேடிக் கட்டிலுக்கடியில் தவழ்ந்துவிட்டுக் களைத்து வந்திருக்கும் தாய்மார்களே, அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த தந்தையரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சற்று நேரத்தில் அது நின்றுவிடும்.

வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை இது; ஒலிபெருக்கி பிடித்துப் பழகியதில்லை. இறைவனை வேண்டிக்கொண்டு எழுந்து நிற்கிறேன். சீருடைக்குப் பதில் மாதம் ஒருமுறை வரும் வண்ண உடை நாளினை இனி வெள்ளிதோறும் வைக்கலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறதே, அதை எதிர்த்து நிற்கிறேன்.

தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்ப்பவரை அறியாதவர் இங்கே உண்டா? அவர் மகள் நம் பள்ளியில்தான் ஏழாம் வகுப்பு. சீருடையில் அவள் வந்தால் மடிப்பு கலையாது, முடிச்சு சரியாது, முகத்தின் மலர்ச்சி குறையாது. "அவளப் பாத்துக் கத்துக்கோடி" என்று என் மகளை நான் திட்டாத காலையில்லை. ஆனால் வண்ண உடை நாளில் மட்டும் அவளுக்குக் காய்ச்சல் வரும். எந்த மருத்துவருக்கும் பிடிபடாத காய்ச்சல். பெற்றவருக்குப் பிடிபட்டது.

சென்ற மாதம், தேய்க்க வந்த மூட்டையிலிருந்து ஒரு நீலக் கவுனை எடுத்தார். "ஒரு பகல்தானே கண்ணு, போட்டுக்க. சாயங்காலம் துவைச்சுத் தேய்ச்சுக் குடுத்துடலாம்" என்றார். அது திருட்டா? மூன்றாம் வரிசையில் ஒருவர் தலையசைக்கிறார். பொறுங்கள் ஐயா.

அந்த வண்ண உடை நாளில் உதவிக்கு வந்த நான் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வகுப்புத் தோழி ஒருத்தி அவளிடம் துள்ளி ஓடி வந்தாள். "ஏய், எங்கிட்டயும் இதே கவுன் இருக்குடி. என்னோடதுல கடைசிப் பட்டன் மட்டும் கறுப்பு. எங்கம்மாவுக்கு நீலம் கெடைக்கல." சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தாள்.

கடைசிப் பட்டன் கறுப்பு.

"இது என்னோடது" என்றாள். அந்தப் பிள்ளை பொல்லாதவள் இல்லை, ஆச்சரியத்தில் சொன்னாள். பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது: "அடுத்த மாசம் யாரு வீட்டுத் துணிடி?"

அன்று போனவள் இன்னும் பள்ளிக்கு வரவில்லை. தேடிப் போனேன். வண்டியருகில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யூனிஃபார்ம்தான் இருக்கே, வாயேன்மா" என்றேன். "அதப் போட்டாலும் இனிமே பட்டனத்தான் பாப்பாங்க அத்தை" என்றாள். தந்தை தலை நிமிரவில்லை. "தெனமும் அவ யூனிஃபார்மத் தேய்ச்சு வெக்கிறேம்மா. போடத்தான் ஆளில்ல."

இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாதிருக்க அல்லவா சீருடை தந்தோம்? அழகாய் உடுத்துவது பெருமைதான். யார் இல்லை என்றார்கள்? ஒரு பிள்ளையின் பெருமைக்கு இன்னொரு பிள்ளை கூனிக்குறுக வேண்டுமா? வெள்ளிதோறும் எத்தனை வீடுகளில் காய்ச்சலை வரவழைக்கப் போகிறோம்?

தீர்மானம் தோற்றாலும் அவள் திரும்பி வருவாளா? தெரியாது. வராமலே போகலாம். ஆனால் கை தூக்குமுன், நீங்கள் அணிந்திருக்கும் சட்டையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அந்த மடிப்பு அவர் போட்டது.

பேச இடம் தந்த தலைவருக்கும், சிரிப்பை நிறுத்திக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.