ஆடிக் காற்றும் சில்வர் பெயிண்டும்

ஆடி மாதத்தில் பெயிண்ட் அடிக்கக் கூடாது. கோவில்பட்டியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரிய ஐம்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது. கரிசல் காடு காய்ந்து கிடக்கும். மேல்காற்று அந்தப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து ஊரில் எல்லா வீட்டுக்கும் பாரபட்சமில்லாமல் பங்கு வைக்கும். சோற்றில் விழுந்தால் தின்றுவிடலாம். காயாத சில்வர் பெயிண்டில் விழுந்தால் எல்லாவற்றையும் உரசி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பன்னிரண்டு தாள் கொடுத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அவ்வளவு வேண்டியிருக்காது. போலீஸிடம் எழுதித் தருவது கோர்ட்டில் செல்லாது என்று உங்கள் ரைட்டர் கண்ணுசாமி என் காதில் சொன்னார். நல்ல மனிதர். எங்கே செல்லுமோ அங்கேயும் இதையேதான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் இசக்கிராஜா. நூல் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் ஆகவில்லை. இறந்துபோன பூவனநாதன் என் உடன்பிறந்த அண்ணன், ஆறு வயது மூத்தவர். தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார். அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் இருந்தேன். மூன்று வேளையும் மதினி உமாதேவி கையால் சாப்பாடு. தெருவில் யாரை விசாரித்தாலும் இப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். அதற்காக நீங்கள் வெயிலில் அலைந்திருக்க வேண்டாம்.

வாலிப வயதில் நான் விமான மாதிரிகள் செய்துவந்தேன். பொம்மை இல்லை. அசல் விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களைக் கத்தியால் வெட்டி, உரசி, ஒட்டி, இறக்கையில் உள்ள தகட்டுக் கோடுகள்கூடப் பிசகாமல் செய்வது. ஒன்றை முடிக்க நாலைந்து மாதம் ஆகும். அப்படிப் பதினொன்று வைத்திருந்தேன். எனக்கு இருபத்தேழு வயதில் பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் ஆயுத பூஜை. ஆபீஸில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பொரிகடலை கொடுத்த அண்ணன், பொரி பொட்டலத்தோடு ஆளுக்கொரு விமானத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். நான் மில் பூஜை முடிந்து வந்தபோது என்னுடைய ஹண்டர் விமானம் வாறுகால் சாக்கடையில் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளைகள்லாம் அம்புட்டு சந்தோசமா வாங்கிட்டுப் போச்சுல. பொண்ணு வீட்டுக்காரவிய பாத்தா என்ன நெனப்பாவ? மாப்பிள்ள பொம்ம வச்சு வெளையாடுதான்னுல்லா சொல்லுவாவ" என்றார் அண்ணன்.

பெண் வீட்டார் வந்தார்கள். காராச்சேவு சாப்பிட்டார்கள். போய்விட்டார்கள். முப்பத்தொரு வருடம் நான் அந்தக் கத்தியைக் கையில் எடுக்கவில்லை.

போன கார்த்திகையில் ஓய்வு பெற்றேன். தை மாதம் கூரியரில் ஒரு பெட்டி வரவழைத்தேன். டெம்பெஸ்ட். சுதந்திரம் வந்த காலத்தில் நம் விமானப்படை வைத்திருந்த ஒற்றை என்ஜின் சண்டை விமானம். மூடியைத் திறந்ததும் அந்தப் பிளாஸ்டிக் வாடை வந்தது. அழுதுவிட்டேன், சார். அவ்வளவு சந்தோஷம். ஆனால் கை பழைய கை இல்லை. கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டினால்தான் விமானியின் இருக்கையே தெரிந்தது. முதல் மாதத்தில் ஒட்டியதைவிட உடைத்தது அதிகம். பிரஷ் போய், பெயிண்டைக் காற்றால் பீய்ச்சும் கம்ப்ரஸர் வந்துவிட்டது. அதைப் பழகுவதற்குள் சித்திரை போய்விட்டது. எப்படியோ ஆனி முடிவதற்குள் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு விமானம் உருவாகிவிட்டது. மேலே கருப்பு அடித்து, அதன் மேல் சில்வர் அடிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அண்ணனுக்கும் என் விமானத்தில் ஆர்வம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டி வருவார். "தம்பி பிளேன் செய்யுதான், பாருங்க அண்ணாச்சி" என்பார். விரலால் புரொப்பல்லரைச் சுற்றிவிடுவார். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, இது பறக்குமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்க ஒரு திறமை வேண்டும். புரொப்பல்லரை நான் மூன்று தடவை திரும்ப ஒட்டினேன்.

ஆடி பிறந்ததும் அண்ணன் இன்னொரு சேதி சொன்னார். மகள் வனிதா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். மாடி அறையில்தான் ஏசி இருக்கிறது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். எனக்குக் கீழே வாசலை ஒட்டிய அறை. அங்கே கதவைத் திறந்தால் தெருப்புழுதி மொத்தமும் உள்ளே வரும். பெயிண்ட் அடிப்பதை மறந்துவிட வேண்டியதுதான். அதன் பிறகு நான் வாங்கிய விமானப் பெட்டிகள் நான்கு இன்னும் பிரிக்காமல் இருந்தன. அண்ணன் கேட்டது நியாயம்தான். அவர் கேட்ட எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் அவரோடு பெரிய சிரமம்.

இருந்த நாட்களுக்குள் முடிக்கலாம் என்று அறையை அடைத்தேன். ஜன்னல் இடுக்கில் எல்லாம் டேப் ஒட்டினேன். கதவில் ஈரத்துணி தொங்கவிட்டேன். புதன்கிழமை சில்வர் அடித்தேன். ஒரு தூசி இல்லை. அசல் தகடாகவே இருந்தது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே காரியம் அது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை வனிதாவின் மாமனார் வந்தார். அண்ணன் வழக்கம்போல் மாடிக்குக் கூட்டி வந்தார். "காஞ்சிருச்சால?" என்று கேட்டுக்கொண்டே இடது இறக்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். காயவில்லை. விமானம் இப்போது உங்கள் மேசையில்தான் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். எத்தனையோ திருட்டு வழக்கில் கிடைக்காத சுத்தமான கைரேகை. அவர் தன் விரலைப் பார்த்துவிட்டு, "அட, ஒட்டிருச்சே. விடுல, வேற அடிச்சுக்கலாம்" என்றார். உரசி, கருப்பு அடித்து, சில்வர் அடிக்க ஒரு வாரம் வேண்டும். எனக்கு இருந்தது மூன்று நாள்.

இனி நீங்கள் கேட்ட விஷயம்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு, தூபக்காலில் கங்கு போட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார். ஆடி வெள்ளி என்றால் ஓர் அறை விடமாட்டார். தன் ஆபீஸில் தீக்குச்சி மருந்து கலக்கும் அறைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு யாராவது போனால் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடும் மனிதர், வீட்டுக்குள் கங்கோடு உலாவுவார். முதல் இரண்டு வெள்ளியும் மாடிப்படியிலேயே அவரை மறித்தேன். "அண்ணே, உள்ள பெயிண்ட் கரைக்கிற தின்னர் இருக்கு, நெருப்பு ஆகாது" என்றேன்.

"நாப்பது வருசமா மருந்துக்குள்ள கெடக்குதேன், எனக்கு நீ நெருப்பு சொல்லித் தாரியாக்கும்" என்று சிரித்தார். ஆனால் சொன்னபடி கீழே இறங்கிப் போய்விட்டார். இரண்டு தடவையும் என் சொல்லைக் கேட்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தின்னர் சின்னப் பாட்டிலில் கிடைக்காததால்தான் ஐந்து லிட்டர் கேன் வாங்கினேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். அரை லிட்டர் எல்லாக் கடையிலும் இருக்கிறது. கேனை வெள்ளிக்கிழமை மதியம் வாங்கினேன். பிரஷ் கழுவத் தட்டுகளில் ஊற்றி வைத்தேன் என்பதும் பொய். ஊற்றி வைத்தது உண்மை, ஆனால் நான் பிரஷ்ஷே பயன்படுத்துவதில்லை. அந்த வாடையில் வேறு யாரும் வாசலிலேயே நின்றிருப்பார்கள். அண்ணன் மூக்கு மருந்து வாடையில் மரத்துப்போய் வெகு காலம் ஆகிறது. சாம்பார் அடிபிடித்தால்கூட மதினிதான் சொல்ல வேண்டும்.

ஐந்தரை மணிக்கு மதினியைச் செண்பகவல்லி அம்மன் கோவிலுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். மதினிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. அவர் எந்த விமானத்தையும் தொட்டதில்லை. டெம்பெஸ்டை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கையிலேயே எடுத்துக்கொண்டேன். வழியில் கோபாலசாமி ஸ்டூடியோவில் படம் எடுப்பதாக ஏற்பாடு. வலது பக்கத்திலிருந்து.

ஆட்டோ ஏறும் முன்பு அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, தின்னர் எல்லாம் வெளிய போட்டாச்சு. வனிதா வரப்போற ரூமு. இன்னைக்கு அங்கனயும் பொகை போட்டுருங்க."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளில் கை வைத்தார். "இப்பந்தாம்ல எனக்கு மனசு நெறைஞ்சுருக்கு. போயிட்டு வா" என்றார். உள்ளே போய் இன்னும் இரண்டு கங்கு எடுத்துப் போட்டுக்கொண்டதை நான் ஆட்டோவிலிருந்து பார்த்தேன்.

தீக்காயத்தோடு அவர் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். நானும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன், கஞ்சித் தண்ணீர் புகட்டினேன். மாடி அறை கரியாகிவிட்டதால் வனிதாவுக்கு மாமியார் வீட்டிலேயே பிரசவம் பார்ப்பதாகப் பேச்சு. விசேஷ வீட்டில் இப்படி ஏற்பாடு மாறுவது சகஜம்.

மாஜிஸ்திரேட் வந்து அண்ணனிடம் மரண வாக்குமூலம் வாங்கினார். அதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "தம்பி வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்காமப் போனேன். அவன் சின்னப்பிள்ள மாதிரி. பொம்ம செய்யுதான். டப்பாவ மூட மறந்துருப்பான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, அவன ஒண்ணும் பண்ணிராதீக."

நாற்பது வருடம் மருந்தோடு கிடந்த மனிதருக்கு, உள்ளே கால் வைத்ததும் என்ன நடக்கிறது என்று புரியாமலா இருந்திருக்கும்? புரிந்துதான் அப்படிச் சொல்லியிருக்கிறார். சாகும்போதும் அவரே நல்லவர், நான் மூடி போடத் தெரியாத சின்னப்பிள்ளை. அந்தக் காகிதத்தை வைத்து நீங்கள் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து என்று எழுதிக் கோப்பை முடிக்கப் பார்க்கிறீர்கள்.

அதற்காகத்தான் நானாக வந்தேன். என் வேலையில் கவனக்குறைவு என்பதே கிடையாது, சார். தட்டுகளை நான்தான் வைத்தேன், அண்ணனை நான்தான் உள்ளே அனுப்பினேன். அதை அடித்துவிட்டுச் சரியாக எழுதுங்கள். மற்றபடி எனக்கு அண்ணன் மேல் எந்தக் கோபமும் இல்லை.