பக்கத்து இருக்கையில் அமர்ந்து கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் எங்கள் அக்காவின் கணவர், என் மாமா அவர்களே, வேலை உடுப்போடு ஓடி வந்திருக்கும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லத்தான் எழுந்தேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமை மெக்கானிக் அக்கா போய்விட்டார். என்னைவிட இரண்டு வயது இளையவர்தான். ஆனாலும் எனக்கும் அக்கா, மேலாளருக்கும் அக்கா; என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பத்தொன்பது வருடம் அவருக்குப் பக்கத்தில், வண்டி தூக்கும் லிஃப்டில் நின்று வேலை பார்த்தேன். அந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். அவருடைய பெருமையைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் இதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன்பு, ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது என்று வேனைக் கொண்டுவந்தார். சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்ப்பது என் வேலை. பார்த்தேன், எடை சமமாக ஈயத் துண்டு ஒட்டினேன், அனுப்பினேன். மறுபடி வந்தார். மறுபடி ஒட்டினேன். மூன்றாம் முறையும் அதேதான். நான்காம் முறை வந்தபோது என்ன சொன்னேன் தெரியுமா? பத்துப் பேர் முன்னால், "வண்டி ஆடல அண்ணே, உங்க கைதான் ஆடுது. வயசாயிடுச்சில்ல!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தரையைப் பார்த்தார்.

அக்கா சிரிக்கவில்லை. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்கார்றேன்."

போகும்போதே கேட்டிருக்கிறார்: "எந்த வேகத்துல ஆடுது? பிரேக் மிதிச்சாலா, சும்மா ஓடும்போதா? சீட்டும் சேர்ந்து ஆடுதா, ஸ்டியரிங் மட்டுமா? பள்ளத்துல இறங்குனா கூடுதா?" நாங்கள் மூன்று முறையும் கேட்காத கேள்விகள்! பள்ளத்தில் இறங்கினால் கூடுகிறது என்று அண்ணன் சொன்னதும், "திருப்புங்க, மெதுவா போங்க" என்றாராம்.

வேனை லிஃப்டில் ஏற்றினார். முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து இடவலமாக அசைத்தார். டொக், டொக் என்று சத்தம் வந்தது. சக்கரத்தைத் திருப்புகிற டை ராடின் மூட்டு தேய்ந்து, கழன்று விழுகிற நிலையில் இருந்தது. தோழர்களே, அந்த வேனில் தினமும் போய்வந்தது பதினான்கு குழந்தைகள்! ஓட்டத்தில் அது கழன்றிருந்தால்? அந்த ஸ்டியரிங் யார் சொன்னதைக் கேட்டிருக்கும்?

புது மூட்டு மாட்டி, சக்கரக் கோணத்தைச் சரிசெய்து, தானே ஓட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் முன்னால் வந்து நின்றார். "மூணு தடவை வந்தீங்க. நாங்கதான் சரியா பார்க்கல. மன்னிச்சிருங்க."

நாங்கள் என்றார்! என்னைக் கைகாட்டவில்லை. தனியாகக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டார்: "டயரைப் பார்த்த, சரி. அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டியா தம்பி?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ ஒன்றும் நடக்காதது போல, "சாப்பிட்டியா?" என்று தினமும் கேட்டார். பிறகு பேச ஆரம்பித்தேன். ஆனால், "தப்பு என்மேலதான் அக்கா" என்ற மூன்று வார்த்தையை ஆறு வருடமாகச் சொல்லவே இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். வேன் அண்ணனே, உங்களிடமும் சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மதியம். ஆசிரியை ஒருவரின் கார். அதிலும் ஸ்டியரிங் ஆட்டம். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கா ஓட்டிப் பார்த்தார். வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அந்த வலியிலும் காரை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, விளக்கை மினுக்கவிட்டு, "பயப்படாதீங்கம்மா, எங்க ஆளுக்கு போன் போடுங்க" என்றிருக்கிறார். நான் ஓடினேன். கதவைத் திறந்தால், முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்து, "பிரேக் பிடிச்சா மட்டுந்தான் ஆடுது தம்பி. இடது டிஸ்க்கைப் பாரு" என்றார். "அதெல்லாம் அப்புறம் அக்கா, பேசாதீங்க" என்றேன். பேசாதீங்க என்று நானே சொன்னேனே! அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தக் காரைக் கழற்றினேன். இடது பிரேக்கின் இரும்புத் தட்டு, அந்த டிஸ்க், நெளிந்திருந்தது. அவர் சொன்னது சரி. முன்சக்கரங்கள் இரண்டின் டிஸ்க்கையும் மாற்றி ஓட்டினேன், துளி ஆட்டம் இல்லை. "சரியாயிடுச்சு அக்கா" என்று சொல்லப் பழக்க தோஷத்தில் அடுத்த லிஃப்டின் பக்கம் திரும்பினேன். அங்கே யார் இருக்கிறார்கள்? யாரிடம் போய்ச் சொல்வேன்?

மாமா, உங்களுக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நாளை காலை எட்டு மணிக்குப் பணிமனை திறக்கும். ஆடுகிறது என்று யார் வந்தாலும், முதல் முறை வந்தாலும் பத்தாம் முறை வந்தாலும், ஸ்பேனரை எடுக்கும் முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பேன். இங்கே நிற்கும் ஒவ்வொருவரும் கேட்போம். சிரிக்க மாட்டோம்.

தப்பு என்மேலதான் அக்கா.