மற்றவர்களுக்கு வராத வாசனை

உளவியல் வாத்தியார் என்று சொன்னதும் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் கையை நீட்டிவிடுவார், ஏதோ ஜோசியக்காரனிடம் நீட்டுவதுபோல. "என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்பார். அது எனக்குத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். நான் நடத்துவது சமூக உளவியல். ஒருவர் மனதில் இருப்பதை அவரைச் சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எங்கள் பாடம்.

நீங்கள் இதை விபத்து என்று முடிக்கப் போவதாக உங்கள் ஏட்டு சொன்னார், மேடம். அப்படி முடித்தால் நடந்தது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால்தான் நானே வந்தேன்.

எழிலரசி என்னுடைய மாணவி. கலசபாக்கம் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். சுமாரான மாணவி, ஆனால் கண்ணில் பட்டதைப் பட்டபடி சொல்லிவிடுவாள்.

வருடா வருடம் வகுப்பில் ஒரு சின்னச் சோதனை செய்து காட்டுவேன். கரும்பலகையில் இரண்டு கோடுகள் போடுவேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை. எல்லோரிடமும் குட்டைக் கோட்டையே நீளம் என்று சொல்லும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பேன். ஒருவருக்கு மட்டும் தெரியாது. அந்த ஒருவர் கண்ணைக் கசக்குவார், தயங்குவார், கடைசியில் மற்றவர்கள் சொன்னதையே சொல்வார். இத்தனை வருடத்தில் அது பொய்த்ததில்லை.

அன்று வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். விஷயம் தெரியாத எழிலரசியின் முறை வந்தது. அவள் எழுந்து வந்து, கோடுகளின் மேல் சாண் வைத்து அளந்தாள்.

"இதுதான் சார் நீட்டம். இவங்கெல்லாம் ஏன் இப்பிடிச் சொல்றாங்கன்னு தெரியல."

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் கைதட்டினார், அவளுக்கு.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சோதனை தோற்றால் நேரம் போதவில்லை என்று பொருள். கொஞ்சம் கூடுதலாக நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் அவள் இல்லாத வேளையில் மற்ற மாணவர்களிடம் பேசினேன். இதுதான் இந்தப் பருவத்தின் செய்முறைத் தேர்வு என்றேன். எழிலரசி எதைப் பார்த்தேன், கேட்டேன் என்று சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர்கள் சாந்தமாக மறுக்க வேண்டும். கிண்டல் கூடாது, சத்தம் போடக் கூடாது. அவளுக்குத் தெரியவும் கூடாது.

வளவன் என்றொரு பையன் இதில் மிகவும் கெட்டிக்காரன். மணி அடித்துவிட்டது என்று அவள் எழுந்தால், "இன்னும் அடிக்கலையே, உக்காரு" என்பான். மலை உச்சியில் மேகம் இறங்கியிருப்பதை ஜன்னல் வழியாகக் காட்டினால், "எங்க? வெயில்தான அடிக்குது" என்று மற்றவர்களைப் பார்ப்பான். அவர்களும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். விடுதியில் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று அவள் சொன்னால், சுற்றியிருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் உப்பு கேட்பார்கள். இது நான் சொல்லிக் கொடுக்காதது. அவர்களாகவே கண்டுபிடித்தார்கள்.

முதலில் சண்டை போட்டாள். பிறகு கேள்வி கேட்டாள். பிறகு எதைச் சொல்வதற்கு முன்பும் அடுத்தவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அந்தப் பார்வையை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

சிந்துஜா, எழிலரசியின் அறைத்தோழி, ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"சார், அவ நைட்டெல்லாம் அழுவுறா சார். நிறுத்திடலாமா?"

"தாராளமா நிறுத்தலாம்மா. மத்தவங்களும் அப்பிடி நினைக்கறாங்களான்னு கேட்டுட்டு வா. எங்கிட்ட எல்லாரும் நல்லாப் போகுதுன்னுதான் சொன்னாங்க."

யாரும் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவள் யாரையும் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கும் எங்கள் பாடத்தில் ஓர் அத்தியாயம் உண்டு.

அவளுடைய அப்பா சின்னசாமி ஒருநாள் வந்தார். விவசாயி. ஒரு பை நிறைய மல்லாட்டை, பச்சை வேர்க்கடலை, கொண்டுவந்திருந்தார்.

"பொண்ணு கண்ணு காது டாக்டருகிட்ட காட்டணும்னு சொல்லுது சார். ஊர்ல நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க என்னா சொல்றீங்க?"

"காட்டிடுங்க. சும்மா விடக்கூடாது" என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். டாக்டர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார்களாம். அதன் பிறகு அவள் இன்னும் பயந்துபோனாள். மல்லாட்டை புதுசு. அவித்துச் சாப்பிட்டேன், நல்ல ருசி.

கார்த்திகை தீபம் ஏற்றியதும் மலைமேல் பதினோரு நாள் எரியும். இந்த ஊரில் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. அவள் பிறந்ததிலிருந்து வீட்டு வாசலில் நின்று பார்த்த வெளிச்சம் அது. தீபத்துக்கு மூன்றாம் நாள் சாயங்காலம் மாணவர்கள் எல்லோரும் கல்லூரி மொட்டை மாடியில் நின்றிருக்கிறார்கள். எழிலரசி கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம்.

"யாருக்குடி கும்புடுற? நேத்தே அணைஞ்சிடுச்சே" என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

அவள் மலையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். "ஆமா, அணைஞ்சிடுச்சு" என்றாள்.

வளவன் எனக்கு போன் செய்து சொன்னான். "போதுமா சார்?" என்று கேட்டான். அதோடு முடித்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சோதனை முடிந்ததும் உட்பட்டவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் துறையின் ஒழுங்கு. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் வேங்கிக்காலில் உள்ள என் வீட்டுக்கு அழைத்தேன். மனைவி ஆரணியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சமையலறையில் கேஸ் வாசனை வந்தது. குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் கசிந்துகொண்டிருந்தது. ரெகுலேட்டரில் கை வைத்தேன். அப்போது ஒரு சந்தேகம் வந்தது. கோட்டையும் தீபத்தையும் தப்பாகச் சொன்னால் ஒருவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. உயிர் போகிற விஷயத்திலும் ஒருவர் கூட்டத்தை நம்புவாரா? இதற்குப் பதில் யாரிடமும் இல்லை. எந்தக் கல்லூரியும் அனுமதி தராது.

கையை எடுத்துவிட்டேன். சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். கூடத்து ஜன்னல்களைத் திறந்து வைத்தேன்.

எல்லோரும் வந்து உட்கார்ந்ததும், "எழில், எல்லாருக்கும் டீ போட்டுடும்மா" என்றேன்.

உள்ளே போனவள் வாசற்படிக்குத் திரும்பி வந்தாள்.

"சார், கேஸ் வாசனை வர்ற மாதிரி இருக்கு."

கூடத்திலும் இலேசாக வந்துகொண்டுதான் இருந்தது. வளவன் மூக்கை உறிஞ்சினான். பழக்க தோஷம். "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றான். அடுத்தவளும் அதையே சொன்னாள். அப்படியே சுற்றி வந்தது. சிந்துஜா மட்டும் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் வரலைம்மா" என்றேன்.

எழிலரசி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "சாரி சார். எனக்குத்தான் எப்பவும் இப்பிடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். லைட்டரின் சத்தம் கேட்டது.

கூடத்தில் இருந்தவர்களுக்குக் கண்ணாடிக் கீறல்கள்தான். வேலூருக்குக் கொண்டுபோகும்போது ஆம்புலன்ஸில் சிந்துஜா கூட இருந்தாள். எழிலரசி வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாளாம். "எனக்கு எரியற மாதிரி இருக்குடி. நெஜமாவே எரியுதா?" என்று கேட்டிருக்கிறாள். சிந்துஜா எரிகிறது என்று சொன்னாளா, இல்லை என்று சொன்னாளா என்பதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எழிலரசி இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தாள். சின்னசாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

என்ன குற்றமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் மேடம். கசிவு எனக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்தியது நான். அவள் பற்ற வைப்பாள் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

மாணவர்களை நீங்கள் தனித்தனியாக விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். எந்த வாசனையும் வரவில்லை என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், சிந்துஜா உட்பட. அப்படிச் சொல்லும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை, சின்னப் பிள்ளைகள். வாசனை வந்தது, மேடம். அத்தனை பேரும் ஒன்றைச் சொல்லும்போது தனியாக ஒருவன் வந்து உண்மையைச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இந்த விஷயத்தில் அந்த ஒருவன் நான்தான் என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.