புதன்கிழமைக்கு ஒரு கார்டு

எனக்குக் கையெழுத்து அழகு. நோட்டீஸ் போர்டு எழுதுவதற்காகவே என்னை மாணவியர் விடுதிக் காப்பாளராக வைத்திருக்கிறார்கள் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

மனசு சரியில்லாத மாணவிகள் பேசுவதற்கென்று எண்பத்திரண்டில் சேலத்திலிருந்து ஒரு டாக்டரம்மாவைக் கல்லூரி வரவழைத்தது. புதன்தோறும் வருவார். ஆடியில் பதினேழு பெண்கள் போனார்கள். பொங்கலுக்குள் ஒருத்தியும் இல்லை. பெண்கள் ஏன் நின்றார்கள் என்று விசாரிக்க வந்த உங்கள் கமிட்டி பஸ் நேரம், பரீட்சை, சோம்பேறித்தனம் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்னைக் கேட்டிருந்தால் காபி ஆறுவதற்குள் சொல்லியிருப்பேன்.

அந்த அம்மா வருவதற்கு முன் எல்லாக் கதையும் என் அறைக்குத்தான் வரும். அங்கம்மாக்கா, அங்கம்மாக்கா என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். அழுவார்கள், முறுக்குத் தின்பார்கள், போய்ப் படுப்பார்கள். அப்புறம் புதன்கிழமை வந்தது. டப்பாவில் முறுக்கு நமுத்துப்போனது. கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் வருத்தம்.

பெற்றவர்களுக்கு நல்ல சேதியாகத்தான் எழுதினேன். பதினைந்து பைசா தபால் கார்டில், 'உங்கள் மகள் மனநல டாக்டரிடம் தவறாமல் போகிறாள், கவலை வேண்டாம், நலம்விரும்பி.' கார்டு என்றால் ஊரே படிக்கும். அடுத்த வாரமே அம்மா பஸ் ஏறி வந்து நிற்பாள். "பொண்ணு கேட்டு வாரவங்க காதுல உழுந்தா என்னாவுறது?" என்று மகளைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பெண் புதன்கிழமையை விட்டுவிட்டு, அழுவதற்கு என்னிடம் வருவாள். எனக்கும் பொழுது போகும்.

சௌந்திரம் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். தோழி வீட்டுக்குப் போன கார்டில் நோட்டீஸ் போர்டு எழுத்தைப் பார்த்திருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்கூருக்கு மட்டும் எழுதிராதீங்க. டாக்டரம்மாகிட்டப் பேசுனாத்தானுங்க உசுரோட இருக்கோணும்னே தோணுது."

"எழுதுவனா சாமி?" என்று கன்னத்தைத் தடவினேன். முறுக்குக் கொடுத்தேன். அவள் தொடவில்லை.

மறுநாள் எழுதினேன். அவளுடைய அப்பா வந்து பெட்டியோடு கூட்டிப்போனார். பத்தாம் நாள் துக்கச் சேதி வந்தது. மாலை வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். அங்கே என்னளவு யாரும் அழவில்லை. "நீங்கதானுங்க அவள நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்று அவள் அம்மா அத்தாயி என்னைக் கட்டிக்கொண்டாள். மனசுக்கு நிறைவாக இருந்தது.

அவள் ஊர்த் தபால்காரர் ராசு கார்டுகளை டீக்கடையில் உரக்கப் படிப்பார் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். முன்பு என் அறையில் உட்கார்ந்து சௌந்திரமே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவருக்குக் கண் மங்கல் என்றும் சொன்னாள். அதனால்தான் அவள் கார்டில் மட்டும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன்.