ஆயிரத்தி ஒம்போது மரம்

இல்ல சார், தண்ணியெல்லாம் வாணாம், வந்த விசயத்தச் சொல்லிட்டுப் பூட்றேன். காவலூருக்கு மேல எங்க ஊரு, எம் பேரு சிங்காரம். எம் பொண்ணு சுவேதாவுக்குப் பத்தாவதுல கணக்கு நடத்துனது நீங்கதானாம். அதான் மொத பஸ்ஸப் புடிச்சு ஆலங்காயம் வந்து வூட்ட விசாரிச்சுக்கினு வந்தேன்.

ஒரே ஒரு காகிதம் எழுதிக் குடுக்கணும் சார். ஆயிரத்தி ஒம்போதுன்ற நம்பர யாராலயும் சமமாப் பிரிக்க முடியாது, அது பொறப்பே அப்டின்னு. கீழ உங்க கையெழுத்து.

எதுக்கா? எங்க ஊருக்குப் பொதுவுல புளியமரம் இருக்குது. உலுக்கறதுக்கு முன்னாடி காய்க்கிற மரத்த எண்ணி, மரத்துக்கு ஒரு புளியங்கொட்டைன்னு அம்மன் கோயில்ல கொட்டிக் கூறு போடுவோம். ரெண்டாப் போட்டா ஊரும் ரெண்டாப் பூடும்னு மூணுலேர்ந்துதான் ஆரம்பம். மூணு, நாலு, அஞ்சுன்னு எதுல மிச்சமில்லாம வருதோ, அத்தினி கூட்டமா வூடுங்க பிரிஞ்சு உலுக்கும். நாப்பது வூடு, அதனால நாப்பது வரைக்கும் போடலாம். எந்த வருசமும் பத்தத் தாண்டுனது கெடையாது.

இந்த வருசம் எண்ணுனது நானு. மூணு நாளா கூறு போட்டுக்கினே இருக்காங்க சார். ஏழுல போட்டா ஒண்ணு நிக்குது. பதினொண்ணுல எட்டு நிக்குது. முப்பத்தொண்ணுல பதினேழு. சுவேதா செல்லுல தட்டிப் பாத்துட்டு, அப்பா இது பகா எண்ணு, ஒண்ணாலயும் தன்னாலயும்தான் வகுபடும், முப்பத்தொண்ணு வரைக்கும் எதுலயும் போவலன்னா அதுக்கு மேலயும் போவாதுன்னா. ஊர்ப் பெரியவரு, சின்னக்குழந்தைன்னு பேரு, அத்தக் காதுலயே வாங்கல. அம்மன் கூறு தரலன்னா எண்ணுனவன் பொய்யா எண்ணியிருக்கான்றாரு.

நாளைக்குக் காலைல பெத்த புள்ள தலைல கை வெச்சு, கற்பூரத்த அணைச்சு நான் சத்தியம் பண்ணணும். பொய்யின்னா புள்ளைய அம்மன் எடுத்துக்குவா. ஒரே பொண்ணு சார். பயமா இருக்குது சார்.

நீங்க நம்ப மாட்டீங்க, சரி. நான் நம்பறேனே.

இன்னா சார், திரும்பி எண்ணச் சொல்றீங்களா? பத்து வாட்டி எண்ணட்டும், அதேதான் வரும். நான் பொய் எண்ணல. ஆடி மழையில ஊர்ப் புளியமரம் ஒண்ணு எங்க வூட்டு மேல சாஞ்சுக்கினு நின்னுச்சு. ஊருக்கு ஒதுக்குப்புறம் நாங்க. யாரையும் கேக்காம வெட்டி, வேரக் கொளுத்தி, மேல சாமை வெதச்சுட்டேன். இன்னும் ஒண்ணு இருந்திருந்தா அஞ்சுலயே முடிஞ்சிருக்கும்பான்னு சுவேதா சிரிக்கறா. அப்ப அவ ஆஸ்டல்ல இருந்தா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

கணக்குல பொய் இல்லன்னுதான சார் சத்தியம் கேப்பாங்க? மரத்தப் பத்திக் கேக்க மாட்டாங்க இல்ல? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. கணக்கு சரியா இருந்தா எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?