பாதிப் பேருக்கு மாவு மாத்திரை

எட்டயபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பெண், பக்கத்திலிருந்த கம்பவுண்டரிடம் கொதித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, இருமலுக்குப் புது மருந்து சோதிக்க அடுத்த மாசம் எங்க ஆபீஸுக்கு மெடிக்கல் காலேஜு டாக்டர்மாரு வாராவ. பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையாம். இது என்ன நியாயம்?”

“ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டாத்தான தாயி மருந்து கேக்குதான்னு தெரியும். யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது.”

“ஒரே கந்தக நெடியத்தான எல்லாரும் இழுக்குதோம். நாங்க பேசி முடிச்சாச்சு. மத்தியானச் சோத்தக் கலந்து திங்குத மாதிரி, அம்புட்டு மாத்திரையையும் ஒரே தூக்குச்சட்டியில கொட்டிப் பங்கு வச்சுக்கிடுவோம்.”

“அப்படிச் செஞ்சா சோதனையே கெட்டுப்போயிருமே.”

“எங்க மொதலாளிக்கும் இருமலுதான். அவருக்கு மாவு குடுப்பாவளான்னு கேட்டுச் சொல்லுங்க. குடுப்பாவன்னா நாங்களும் பங்கு வைக்கல.”